பண்டிகை சேலில் ஹாம் ரேடியோ: விலை இறங்கிய கதை

தீபாவளி சேல் என்றால் மிக்சி, மொபைல், டிவி மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கீழே உருட்டிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் அந்த வரிசையில் ஓரமாக ஒரு ஆசாமி வந்து உட்கார்ந்துகொண்டார். கறுப்பு உடம்பு, குட்டை ஆன்டெனா, தலையில் ஒரு திருகு. பார்த்தால் டிராபிக் போலீஸ் கையில் இருக்கும் வாக்கி டாக்கி மாதிரியே இருப்பார். விலையோ ஒரு ஜோடி நல்ல ஷூ வாங்கும் காசுதான். கைக்கு அடக்கமான ஹாம் ரேடியோ.

வெளியூரில் குடும்பம் நடத்தும் நம்மவர்களுக்கு இதன்மேல் கண் விழுவதற்குக் காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமி, 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2018 நவம்பர் கஜா புயல்... ஒவ்வொரு முறையும் ஊரில் போன் போகாது. டிவியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். நாம் மும்பையிலும் டெல்லியிலும் உட்கார்ந்துகொண்டு அதே நம்பரை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருப்போம். அந்த ராத்திரிகளை அனுபவித்தவர்கள், போனே இல்லாமல் பேசும் கருவி சேலில் கிடைக்கிறது என்று கண்டால் வாங்கத்தான் நினைப்பார்கள். தப்பே இல்லை.

ஆனால் வாங்கலாமா என்ற கேள்விக்குப் பதில், இது எப்படி இவ்வளவு மலிவானது என்ற கதைக்குள் இருக்கிறது. நூறு வருடத்துக் கதை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கருவிக்கு முன்னால் ஆர்வம்

ஹாம் ரேடியோ என்பது காசுக்காக இல்லாமல், ஆர்வத்துக்காக ஒருவர் சொந்தமாக டிரான்ஸ்மிட்டர் வைத்துக்கொண்டு, அதே மாதிரி இன்னொருவரோடு பேசுவது. அரசு தேர்வு வைத்து, லைசென்ஸ் கொடுத்து, ஒரு அழைப்புக் குறியீடும் கொடுக்கும். இந்தியாவில் அது வி.யூ. என்று ஆரம்பிக்கும். காருக்கு நம்பர் பிளேட் மாதிரி.

நம் நாட்டில் இது கல்கத்தாவில் ஆரம்பித்தது. 1921ல் அமரேந்திர சந்திர குப்தா, முகுல் போஸ் என்ற இருவர் தங்களுக்குள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். கடையில் கருவி கிடைக்காத காலம். வேண்டுமென்றால் செய்துகொள்ள வேண்டியதுதான்.

நம்ம சென்னையும் பின்தங்கவில்லை. 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. அவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பாகங்களை வைத்து 40 வாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்று அமைத்து, 1924 ஜூலை 31 முதல் ஒலிபரப்பு செய்தார்கள். ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே பிறக்காத நாளில்! பணமில்லாமல் 1927ல் கிளப் மூடப்பட்டது. டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சிக்குப் போய், 1930ல் மறுபடி பாட ஆரம்பித்தது. ஆர்வம் இருந்தது, திறமை இருந்தது, காசுதான் போதவில்லை. இந்தியாவில் ரேடியோ ஆர்வலர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

சட்டத்துக்கு ஏன் இந்த பயம்?

1933ல் பிரிட்டிஷ் அரசு இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம் கொண்டுவந்தது. அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கருவியைப் *பயன்படுத்தினால்* குற்றம் என்று மட்டும் அது சொல்லவில்லை. லைசென்ஸ் இல்லாமல் *வைத்திருந்தாலே* குற்றம் என்றது. பாட்டு கேட்கும் ரேடியோவுக்குக்கூட நம் அப்பாக்கள் தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பழக்கம் 1980களில்தான் முடிவுக்கு வந்தது.

1939ல் உலகப் போர் வந்ததும் ஹாம்களிடமிருந்து டிரான்ஸ்மிட்டர்களை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். அந்த பயத்தில் அர்த்தம் இருந்தது என்பதை பம்பாய் நிரூபித்தது. 1942 ஆகஸ்டில் காந்தியும் தலைவர்களும் கைதானதும், 22 வயது கல்லூரி மாணவி உஷா மேத்தாவும் நண்பர்களும் காங்கிரஸ் ரேடியோ என்ற ரகசிய வானொலியை 42.34 மீட்டரில் நடத்தினார்கள். வயர்லெஸ் தெரிந்த நரிமன் பிரிண்டர் டிரான்ஸ்மிட்டர் செய்து கொடுத்தார். போலீஸ் தேடத் தேட, இடம் மாற்றி மாற்றி ஒலிபரப்பினார்கள். நவம்பர் 12 அன்று பிடிபட்டார்கள். போலீசை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே அந்த நரிமன் பிரிண்டர்தான் என்பது சோகமான பகுதி. உஷா மேத்தாவுக்கு நான்கு வருடம் சிறை.

வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. 1949ல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, லைசென்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தால் மூன்று வருடம் வரை சிறை என்று சுதந்திர இந்தியாவே இறுக்கியது. 2023ல் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டத்திலும், ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதியோ விதிவிலக்கோ வேண்டும் என்ற அடிப்படை அப்படியே தொடர்கிறது. ஆக, சேலில் "கார்ட்டில் சேர்" என்ற பட்டனை அழுத்துவதற்கும் மிக்சிக்கு அழுத்துவதற்கும் சட்டத்தின் கண்ணில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

பஞ்ச காலம்

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துப் போட்ட ரிசீவர்களும் டிரான்ஸ்மிட்டர்களும் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. அவற்றைப் பிரித்து மேய்ந்துதான் ஒரு தலைமுறை ஹாம்கள் உருவானார்கள். 1948ல் மத்தியப் பிரதேசத்தில் மோவ் ராணுவ சிக்னல் பள்ளியில் இந்திய அமெச்சூர் ரேடியோ கிளப் பிறந்தது. 1954ல் அது டெல்லிக்கு மாறி, இன்றைய இந்திய அமெச்சூர் ரேடியோ சங்கம் ஆனது.

ஜப்பானில் யேசு, ஐகாம், கென்வுட் என்று அழகழகாக செட்டுகள் வந்தபோது நம்மவர்கள் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். இறக்குமதி லைசென்ஸ், அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு, தலைக்கு மேல் சுங்க வரி. வங்கியில் வேலை செய்பவன் என்பதால் அந்தக் காலத்து அந்நியச் செலாவணிக் கதைகளை சீனியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சில டாலர்களுக்கு எத்தனை படிவம்! அப்படியிருக்க பொழுதுபோக்குக் கருவிக்கு யார் டாலர் கொடுப்பார்கள்? 1980களின் நடுவில் வரியில் சலுகை கிடைத்தது. அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தியே ஒரு ஹாம்தான், அவர் குறியீடு வி.யூ.2.ஆர்.ஜி. இருந்தாலும் மாதச் சம்பளக்காரருக்கு ஜப்பான் செட் எட்டாக்கனியாகவே இருந்தது.

அதனால் மும்பை லேமிங்டன் ரோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூர் எஸ்.பி. ரோடு என்று அலைந்து பாகங்கள் பொறுக்கி, வீட்டிலேயே செட் செய்தார்கள். இந்த வழக்கத்தின் உச்சம் என்றால் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் 2000களின் ஆரம்பத்தில் வடிவமைத்த பிட்எக்ஸ்தான். வெளிநாட்டு ஃபெரைட் வளையம் கிடைக்காதவர்களுக்காக, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரில் கம்பி சுற்றிக் காயில் செய்துகொள்ளலாம் என்று அவர் வழி சொன்னார்! உலகம் முழுக்க ஆட்கள் அந்த டிசைனை எடுத்துச் செய்தார்கள்.

இங்கே ஒன்று கவனியுங்கள். இந்தப் பஞ்சம் யாரும் திட்டமிடாமல் ஒரு வேலை செய்தது. செட் கைக்கு வருவதற்குள் ஆள் தயாராகிவிடுவார். 1978ல் வந்த அமெச்சூர் சேவை விதிகளின்படி மின்னணுவியல், விதிமுறைகள், மோர்ஸ் எல்லாம் படித்துத் தேர்வு எழுத வேண்டும். பிறகு அரசுச் சரிபார்ப்பு முடிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்கிடையில் செட் செய்ய வேண்டும். பட்டனை முதல் தடவை அழுத்தும்போது, உள்ளே என்ன நடக்கிறது, யாருக்குத் தொந்தரவு ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு சில்லு செய்த வேலை

கையில் பிடித்துப் பேசும் ரேடியோ 1941ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது. பின்னாளில் மோட்டரோலா ஆன கம்பெனி செய்தது. ஐந்து வால்வு, எடை இரண்டு கிலோவுக்கு மேல். 1980 வாக்கில் ஐகாம் வெளியிட்ட ஐ.சி.-2 போன்ற செட்டுகள் ஹாம்களுக்கு கை ரேடியோவைப் பழக்கின. ஆனால் அவற்றுக்குள் நிறைய வடிகட்டிகளும் சுருள்களும் இருந்தன. ஒவ்வொன்றையும் தொழிற்சாலையில் சரிபார்த்துத் திருக வேண்டும். அந்த உழைப்புதான் விலை.

2000களின் கடைசியில் சீனாவில் ஆர்.டி.ஏ. என்ற நிறுவனம், ரேடியோவின் பெரும்பாலான வேலைகளை ஒரே சில்லுக்குள் அடக்கியது. மொபைலும் எப்.எம். ரேடியோவும் மலிவானது போலவே இதுவும். ஃபூஜியன் மாகாணத்து பாவ்ஃபெங் கம்பெனி அதை வைத்து 2012ல் யூ.வி.-5ஆர் என்ற மாடலை இறக்கியது. இரண்டு பேண்டு, ஐந்து வாட்டுக்கு அருகில் சக்தி, சார்ஜர் உட்பட 30 டாலருக்கும் கீழே. ஜப்பான் செட் விலையில் கைநிறைய வாங்கலாம்.

அதே சமயம் விற்கும் முறையும் மாறியது. சீனாவில் 2009ல் தொடங்கிய நவம்பர் 11 சேல், அமெரிக்காவில் தாங்ஸ்கிவிங் மறுநாள் வரும் பிளாக் ஃப்ரைடே, இந்தியாவில் 2014 அக்டோபர் 6 அன்று ஃப்ளிப்கார்ட் நடத்திய முதல் பிக் பில்லியன் டே என்று பண்டிகை சேல் ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது. அலிஎக்ஸ்பிரஸ் வழியாகச் சீனாவிலிருந்தே தருவித்தவர்களும் உண்டு. 2020 நவம்பரில் அந்தச் செயலியை இந்தியா தடை செய்ததும் அந்தக் கதவு மூடியது.

மலிவுக்கு ஒரு விலை இருந்தது. வடிகட்டியில் மிச்சம் பிடித்தால் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகும். கணக்கு சுலபம்தான். நீங்கள் 145 மெகாஹெர்ட்ஸில் பேசினால், சுத்தமில்லாத செட் 290லும் 435லும் சேர்த்துக் கசியும். 225 முதல் 400 வரை பல நாடுகளில் ராணுவ விமானங்கள் பேசும் இடம். அமெரிக்க ஹாம் சங்கத்தின் ஆய்வகம் சோதித்தபோது இந்த ரக மலிவு செட்டுகளில் நிறைய வரம்பைத் தாண்டின.

இன்னொன்று, கதவே இல்லாத வீடு. இந்தியாவில் ஹாம்களுக்கு ஒதுக்கியது 144-146, 434-438 மெகாஹெர்ட்ஸ். இந்தச் செட்டோ 136லிருந்து 174 வரையும், 400லிருந்து மேலேயும் எங்கே வேண்டுமானாலும் பேசும். நடுவில் கப்பல்களின் ஆபத்து அழைப்புக்கான 156.8 இருக்கிறது. போலீஸ், தீயணைப்பு, ரயில்வே எல்லாரும் அக்கம்பக்கம்தான். குழந்தை விளையாட்டாக ஒரு பட்டனை அழுத்திவிட்டால் கடலில் இருக்கும் மீனவரின் குரல் அமுங்கிப் போகலாம்.

அமெரிக்காவில் 2018லேயே அரசு எச்சரிக்கை விட்டது. இந்தியாவில் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 ஆன்லைன் விற்பனையாளர்களுக்கு வாக்கி டாக்கி விற்பனை குறித்து நோட்டீஸ் அனுப்பியது. லைசென்ஸ் தேவையா, எந்த அலைவரிசை, வகைச் சான்றிதழ் உண்டா என்று சொல்லாமலே விற்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த மாதக் கடைசியிலேயே இதற்கென்று தனி வழிகாட்டு நெறிகளும் வந்தன. எங்கள் பாஷையில் சொன்னால், கே.ஒய்.சி. இல்லாமல் கணக்கு திறந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள் :-)

சரி, புயலில் இது உதவுமா?

2004 டிசம்பரில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு ஒன்று போர்ட் பிளேரில் முகாம் போட்டிருந்தது. 1987க்குப் பிறகு அந்தமானிலிருந்து ஹாம்கள் பேச அனுமதி கிடைத்தது அப்போதுதான். குழுத் தலைவர் பாரதி பிரசாத். உலகம் முழுக்க ஹாம்கள் வரிசையில் நின்று அவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். 26ஆம் தேதி காலை ஆறரை மணிக்கு பூமி ஆடியது. தொடர்புகள் அறுந்தன. பொழுதுபோக்குப் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, தீவிலிருந்து செய்தி அனுப்பும் வேலையை அவர் குழு எடுத்துக்கொண்டது. தங்கள் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் நாட்டின் மூலைமுடுக்கில் தவித்தவர்களுக்கு அந்த வழியாகத்தான் பதில் போனது.

ஆனால் அந்தச் செய்திகள் போனது கை ரேடியோவில் அல்ல. அது சிற்றலை செட். மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை. அதனால்தான் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் கடலைத் தாண்டியது. சேலில் வரும் கை ரேடியோ நேர்ப்பார்வைக் கருவி. ஆளுயரத்தில் பிடித்து இருவர் திறந்த வெளியில் நின்றால், பூமியின் வளைவுக் கணக்குப்படி ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான் உச்சம். ஊருக்குள் கட்டடங்களுக்கு நடுவே ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். மலை மேல் ரிப்பீட்டர் இருந்தால் தூரம் கூடும், ஆனால் புயலில் அதற்கும் கரண்ட் வேண்டும். மும்பையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு இதில் பேச முடியாது. நாகப்பட்டினத்தில் அம்மாவிடம் ஒன்று, நம்மிடம் ஒன்று என்று கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம் என்று யாராவது நினைத்தால், அந்த நிம்மதிதான் ஆபத்து.

அப்படியானால் கை ரேடியோ வீணா? இல்லவே இல்லை. வங்காளத்தில் ஜனவரி மாதம் கங்காசாகர் மேளா நடக்கும். லட்சக்கணக்கான கூட்டம். அதில் தொலைந்து போகும் வயதானவர்களை, மேற்கு வங்க ரேடியோ கிளப் ஹாம்கள் கை ரேடியோக்களை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கிறார்கள். வேற்று மாநிலத்தவர், தன் ஊர்ப் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர் என்றால், அந்த மாநிலத்து ஹாம்களுக்குச் செய்தி அனுப்பிக் குடும்பத்தைத் தேடுகிறார்கள். செட் மலிவானதால் நிறையப் பேர் கையில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அங்கே வேலை செய்வது செட் இல்லை. யார் எங்கே நிற்பது, எந்த அலைவரிசையில் கேட்பது, எப்போது பேசாமல் இருப்பது என்று பழகிய ஆட்கள். மறுமுனையில் காது கொடுக்க ஒருவர் இருந்தால்தான் ரேடியோ ரேடியோ. இல்லையென்றால் அது விளக்கு வைத்த டப்பா.

என்ன செய்யலாம்?

பொங்கலுக்கு இரண்டு காரில் ஊருக்குப் போகும்போது பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றால், 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் லைசென்ஸ் இல்லாமலே பேச 2018 விதிகள் இடம் கொடுத்தன. அந்த அலைவரிசைக்கு மட்டும் என்று செய்யப்பட்டு, வகைச் சான்றிதழ் உள்ள செட்டாகப் பார்த்து வாங்குங்கள். எல்லா இடத்திலும் பேசும் செட்டை வாங்கி 446ல் வைத்துக்கொள்கிறேன் என்பது அதே விஷயம் ஆகாது.

ஊருக்கு ஆபத்தில் உதவ வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் ஹாம் ஆகிவிடுங்கள். 12 வயது ஆனாலே தேர்வு எழுதலாம். ஆரம்ப நிலைத் தேர்வுக்கு மோர்ஸ் கிடையாது. நம் பிள்ளைகளுக்கு எத்தனையோ கோச்சிங், இதையும் ஒரு விடுமுறையில் சேர்த்துப் படிக்கலாம். நீங்கள் இருக்கும் நகரத்து ஹாம் கிளப்பில் போய் உட்கார்ந்து கேட்டாலே பாதி பாடம் வந்துவிடும். பாஷை பிரச்னை இல்லை. மும்பை ஹாமும் மதுரை ஹாமும் பேசிக்கொள்வது ஏற்கனவே நடப்பதுதான்.

நூறு வருடமாக இந்தியாவில் செட் கிடைப்பது கஷ்டம், அதனால் ஆள் முதலில் தயாரானார். இப்போது செட் வாசலுக்கே வந்துவிடுகிறது, ஆளைத் தயார் செய்வது நம் பொறுப்பாகிவிட்டது. விலை இறங்கியது நல்ல செய்திதான். கிருஷ்ணசாமி செட்டி காலத்தில் கிளப்பையே மூட வைத்த செலவு இன்று ஒரு மாணவனின் கைக்காசுக்குள் வந்துவிட்டது. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு சேலில் தாராளமாக வாங்குங்கள். சேல் எங்கேயும் போய்விடாது, வருடா வருடம் வரும்.